கால் அங்குலம்

மாதத்தின் முதல் கிழமை வரும்.
இதழின் பெயர் கால் அங்குலம்,
ஒலிப்பதிவு நாடாவின் பழைய அகலம்.
சந்தா ஒன்று, வாசகர் இருவர்.
மேல்வீட்டில் கேதீசன், நிலவறையில் நான்.
காசு பாதி பாதி.
பனி வழித்த கையோடு தபால்பெட்டியை
முதலில் திறப்பவர் முதலில் படிக்கலாம்.

ஆசிரியர் வாரன் பெல்கி.
எல்லாப் படத்திலும் ஒரே கம்பளிச் சட்டை.
“குமிழைத் திருகுமுன் எழுந்து நட.
மைக்கை ஓரடி தள்ளி வை.
பிறகு பேசலாம்” என்று
ஒரு மார்கழியில் எழுதினார்.
அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சுவரில் ஒட்டினேன்.
ஹமில்டன் தேவாலய மண்டபங்களில் வயலின்,
மலைமேல் பள்ளிக்கூட ஜிம்மில் மிருதங்கம்,
எங்கே போனாலும் ஓரடி தள்ளினேன்.
கிட்டத்தில் தோலாய்க் கேட்டது
ஓரடியில் மரமாய்க் கேட்டது.

கேதீசன் இரும்பாலையில் இரவு வேலை.
எதையும் எண்ணிப் பார்க்கிற ஆள்.
“நூற்றுப் பன்னிரண்டு பக்கம்,
அறுபத்தொண்டு விளம்பரம்.
நாற்பதாம் பக்கத்தில மைக்கைப் புகழுறான்,
நாற்பத்தொண்டில அதே மைக் பல்லைக் காட்டுது.
இது பத்திரிகையோ, கடைக்காரன்ர கலண்டரோ?”
முகம் தெரியாத ஒருவருக்காக
இரண்டு நாள் அவரோடு கதைக்காமல் இருந்தேன்.

பிறகு அந்த மைக்கை நானே வாங்கினேன்.
ஆயிரத்து இருநூறு டாலர்.
பாடிய பிள்ளையின் ஸரிகமவில்
ஸ மட்டும்
எண்ணெயில் விழுந்த கடுகாய் வெடித்தது.

அன்றிரவே கடிதம். ஏழு வரி.
ஏழாவது வரியில்தான் என் உயிர் இருந்தது.
இரண்டு மாதம் கழித்து அச்சில் வந்தது
ஆறு வரி.
கீழே சாய்ந்த எழுத்தில் அவர் பதில்:
“ஓரடி தள்ளி வைத்துப் பார்த்தீர்களா?”

என் பாதிக் காசை நிறுத்தினேன்.
சுவரில் இருந்த பக்கத்தை உரித்தேன்.
நாலு மூலையிலும் பசை நின்றது.

கேதீசனோ முழுச் சந்தாவும் தானே கட்டினார்.
“அந்தாள் பதில் சொன்ன விதம் எனக்குப் பிடிச்சிருக்கு.”
இந்த மனிதரை என்ன செய்வது.

ஒரு வருடம் பெல்கி இல்லாமல் இதழ் வந்தது.
ஓய்வா, கழுத்தைப் பிடித்துத் தள்ளினார்களா,
யாரும் எழுதவில்லை.
புது ஆசிரியர் டானா லஷான்ஸ்.
விளம்பரம் பாதி, விலை இரட்டிப்பு,
ஓர் எழுத்துப்பிழை கிடையாது.
வாசகர் பக்கம் முழுக்க ஒப்பாரி.
பெல்கி காலம் பொற்காலம் என்று
எட்மண்டனில் இருந்து ஒருவர்.
அதே ஆள்தான் பத்து வருடம் முன்னர்
விலைபோன காது என்று பெல்கியைத் திட்டியவர்.
இரண்டு இதழையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து
இருமல் வரும்வரை சிரித்தார் கேதீசன்.
நானும் சிரித்தேன்.

பங்குனியில் நிலவறைக்குள் தண்ணீர் ஏறியது.
பெட்டிகளைத் தூக்கும்போது
என் கடிதத்தின் முதற்படி அகப்பட்டது.
ஏழாவது வரி.

இடது காது மந்தமாகிறது என்று
ஒரு தலையங்கத்தில் அவரே எழுதியிருந்தார்.
அதைப் பொறுக்கி எடுத்து
அவர்மேலேயே எறிந்திருக்கிறேன்.
இவ்வளவு காலமும் அதைத்தான்
என் உயிர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் படித்திருக்கிறார்.
படித்துவிட்டு வெட்டியிருக்கிறார்.
இந்த நாட்டில் எந்த அலுவலகத்துக்கும் வாய்க்காத என் பெயரை,
சுகிர்தமலர் தில்லையம்பலம்,
ஓர் எழுத்தும் சிந்தாமல் அச்சடித்திருக்கிறார்.

கேதீசனிடம் காட்டினேன்.
“இடம் காணாமல் வெட்டியிருப்பான்” என்றார்.
இருக்கலாம்.
நாற்பத்தொன்றாம் பக்கமும் பொய்யில்லை.

போன சனிக்கிழமை அந்த மைக்கையே கொண்டுபோனேன்.
ஓரடி தள்ளி வைத்தேன்.
ஸ கொஞ்சம் அடங்கியது.
முழுதாக இல்லை.

கேதீசனுக்கு இந்த வருடப் பாதிக் காசு கொடுக்கவேண்டும்.
புது ஆசிரியரைப் பற்றி
நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.